பாட்டி இருக்கிற பிள்ளை

மகளுக்குக் கென்யாவின் கிசுமு நகரில் வேலை. அங்கே நான்கு மாதம் இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அவளுடைய சபையார் நடத்தும் அநாதை இல்லத்துக்குப் போவோம். முதல் வாரம் மிட்டாய் கொடுத்தேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மட்டும் பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அடுத்த வாரமும் அப்படியே. யாருக்கப்பா என்று மகள் கேட்டாள். “ந்யான்யா” என்றான். சுவாஹிலியில் தக்காளிக்கும் பாட்டிக்கும் அதே சொல்தான். அவன் சொன்னது பாட்டியை.

பாட்டி இருக்க இவன் ஏன் இங்கே? அன்றிரவு தூக்கம் வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு உண்டு. சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் கொண்டுவந்து விடுகிறார்கள். கென்ய அரசு 2017இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2022இல் வந்த சிறார் சட்டம் உறவினர் வீட்டில் வளர்வதற்கும் வளர்ப்புக் குடும்பத்துக்கும் இடம் தருகிறது. சரியான திசை என்றே நினைக்கிறேன். இல்லத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்காவது அந்தப் பாட்டிகளின் அடுப்புக்குப் போகவேண்டும்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு அவனைக் கூட்டிப்போகப் பாட்டி வந்தார். பை நிறைய மிட்டாய், வெயிலில் இளகித் தாளோடு ஒட்டிக் கிடந்தது. அவர் ஒன்றைத் தாளோடு வாயில் போட்டுக்கொண்டார். பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.