ரசீது, கேமரா, நீதிபதி: காவல்துறை மீது நம்பிக்கை எங்கிருந்து வரும்?

பைக் திருடு போனால் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், அங்கே தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுவது. வார்டு கவுன்சிலர், வக்கீல், தூரத்துச் சொந்தத்தில் ஒரு ஏட்டு என்று யாராவது ‘ஒரு வார்த்தை’ சொல்லிவிட்டால் தைரியம் வருகிறது. தபால் நிலையத்துக்குப் போகும்போது நாம் இப்படி ஆள் தேடுவதில்லை. ‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்று சுவரில் எழுதியிருந்தாலும், உள்ளே நமக்கு நடக்கப்போவது அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பொறுத்தது என்றுதான் மனத்துக்குள் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு மாறாதவரை காவல்துறை மீது நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நம்பிக்கையின் முதல் சோதனை புகார் மனுவைக் கொடுக்கும் இடத்திலேயே நடக்கிறது. தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் தொடங்குகிறது. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதல்கட்ட விசாரணைக்கு இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் விசாரித்துவிட்டுப் பதிவு செய்யலாம் என்கிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சி.எஸ்.ஆர். ரசீதோடு ஆளை அனுப்பிவிட்டு, இரு தரப்பையும் கூப்பிட்டு ‘பேசி முடித்து’ அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. இதைச் சமரசம் என்று சிலர் மெச்சுவார்கள். எனக்கு இது ஆபத்தாகத்தான் படுகிறது. எஃப்.ஐ.ஆர். இருந்தால் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, நீதிமன்றத்தின் பார்வை இருக்கிறது. அது இல்லாத இடத்தில் போலீஸ் அதிகாரி செய்வது எதற்கும் சாட்சியே இல்லை.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் நடந்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று கோயிலுக்கு வந்த பக்தர் ஒருவர் புகார் சொன்னார். அங்கே காவலாளியாக இருந்த இளைஞரைத் தனிப்படை போலீசார் பிடித்து விசாரித்தார்கள். நகைத் திருட்டுக்கு அப்போது எஃப்.ஐ.ஆர். போடப்படவில்லை. இளைஞர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் உடலில் 44 காயங்கள் பதிவாயின. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரிக்கத் தொடங்கியதும் முதலில் எழுந்த கேள்விகள், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி உள்ளே வந்தது, யார் உத்தரவிட்டது என்பவைதான். பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

நகைக்காக ஏன் அடிக்கிறார்கள்? இதற்குப் பதில் தெரிய நம் சாட்சியச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆவது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. வாக்குமூலத்தை வைத்துப் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். ஆகவே ஆள் வாய் திறந்து இடத்தைக் காட்டிவிட்டால் வழக்கு நிற்கும். ஸ்டேஷன்களில் ‘ரெக்கவரி’ என்ற சொல்லுக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கு இதுதான் காரணம். கைரேகை, கேமரா பதிவு, செல்போன் விவரம் என்று பொறுமையாகத் தேட வேண்டிய வேலையை ஒரு மனிதனின் உடம்பிலிருந்து ஒரே இரவில் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தைச் சட்டம் நம்ப மறுத்ததன் பின்னணியில் சென்னை மாகாணத்தின் கதையும் இருக்கிறது. 1850களில் இங்கே வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தாரின் ஆட்கள் கையிலேயே சேர்ந்து கிடந்தன. வரி கட்டாத குடியானவனின் விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ அன்றைய விசாரணை முறைகளில் ஒன்று. காசுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் இதை லண்டன் வரை கொண்டுபோனது. நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்து, விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சித்திரவதை நடப்பது உண்மை என்று 1855இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீசைப் பிரித்துத் தனித் துறையாக்கிய 1859ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பிறகு வந்தது. இன்றைய காவல்துறையே ஒரு சித்திரவதை விசாரணைக்குப் பின் பிறந்த துறை என்பதைப் பயிற்சிப் பள்ளியின் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

சாத்தான்குளத்துக்கு வருவோம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அரசு மருத்துவமனையில் காட்டி, மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் பெற்று, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி காலை தந்தை இறந்தார். இந்த வரிசையில் என்னை உறுத்துவது, மருத்துவர், மாஜிஸ்திரேட், சிறை என்று மூன்று வாசல்களைத் தாண்டியும் போலீசாரை யாரும் நிறுத்தவில்லை என்பதுதான். இந்த மூன்றுமே போலீசைச் சரிபார்க்கச் சட்டம் வைத்திருக்கும் வாசல்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு ஸ்டேஷனுக்குள் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை; அவமதிப்புதான் கிடைத்தது. ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. 1859இல் வருவாய்த் துறையிடமிருந்து பிரித்த போலீஸ், சாட்சியம் அழியாமல் காப்பதற்காகச் சில நாள் மறுபடி அதே துறையின் காவலில் இருக்க வேண்டி வந்தது. அங்கே கேமரா இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததால், தேவைப்பட்ட காட்சிகள் இல்லை. உண்மையை அன்று காப்பாற்றியது அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். விடிய விடிய அடித்ததை அவர் மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னார். சொன்னவருக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டியிருந்தது. நேர்மையான போலீஸ்காரர்கள் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு அவர் பதில். அவர் பயந்து பயந்து பேச வேண்டியிருந்தது ஏன் என்பதற்குத் துறை பதில் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கேமராவுக்கு விதி வகுத்தது. நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை, ஸ்டேஷனின் பின்புறம் என எந்த இடமும் விடுபடக் கூடாது. இரவிலும் தெரிய வேண்டும். குரலும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. உத்தரவு வந்து கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், கேமராக்கள் இயங்காதது குறித்து உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து மறுபடி வழக்கு எடுக்க நேர்ந்தது. மடப்புரம் இளைஞரையோ ஸ்டேஷனுக்கு வெளியே வைத்துத்தான் அடித்தார்கள். அதைப் பதிவு செய்தது மறைந்திருந்து எடுத்த ஒருவரின் செல்போன்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. பிடிபட்ட ரவுடி ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தை வாட்ஸ்அப்பில் ரசித்துப் பகிர்கிறோம். அவன் செய்த குற்றம் கொடூரமானது என்பதால் கை தட்டுகிறோம். ஆனால் கையை உடைக்கும் அதிகாரத்தை நாம் கைதட்டிக் கொடுத்த பிறகு, அது யார் கையை உடைக்கும் என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கு இல்லை. செல்போன் கடைக்காரரும் கோயில் காவலாளியும் ரவுடிகள் இல்லை.

நட்பு காட்டுவதால் நம்பிக்கை வளரும் என்று துறை நெடுங்காலமாக நினைத்துவந்திருக்கிறது. 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ தன்னார்வலர் திட்டம் நல்ல நோக்கத்தில் பிறந்தது. சாத்தான்குளம் சம்பவத்தில் தன்னார்வலர்களுக்கும் தொடர்பு என்று குற்றச்சாட்டு எழுந்ததும் 2020 ஜூலையில் அதற்குத் தடை வந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது வேறு வகை. வீட்டுக்குள் அடிவாங்கிய பெண்ணுக்குப் போய்ச் சொல்ல ஓர் இடமும் கேட்க ஒரு பெண் அதிகாரியும் கிடைத்தது அமைப்பில் செய்த மாற்றம். அதனால்தான் அது நிலைத்தது.

காவலர்களின் நிலையும் இதோடு சேர்ந்ததுதான். பந்தோபஸ்து, ரோந்து, நீதிமன்றம் என்று ஓய்வில்லாமல் ஓடுபவரிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. கீழ்நிலைக் காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021இல் அரசு ஆணையிட்டது. அது எல்லா ஸ்டேஷனிலும் உண்மையாக நடக்க வேண்டும். சட்டம் ஒழுங்கையும் குற்றப் புலனாய்வையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதற்காகத்தான். காலையில் ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர் மாலையில் கொலை வழக்கைத் துலக்க முடியாது.

அந்தத் தீர்ப்பின் இன்னொரு கட்டளைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க, மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும் மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்கும் ஆணையம் வேண்டும் என்றது நீதிமன்றம். கேரளம் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியைத் தலைவராக வைத்தது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி.யின் ஆட்கள் மீதான புகாரை எஸ்.பி.யும் உட்கார்ந்து விசாரிக்கும் குழுவிடம் கொடுக்க, அடிபட்டவன் எந்த நம்பிக்கையில் படியேறுவான்? காவல் மரணங்கள் பலவற்றில் குடும்பங்கள் சி.பி.ஐ. வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம், இங்கே சுதந்திரமாக விசாரிக்க ஓர் இடம் இல்லாததுதான்.

இதைச் சரிசெய்யப் பெரிய நிதியோ புதிய ஆய்வுக் குழுவோ தேவையில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் புகார் ஆணையத்தின் அமைப்பைச் சொல்லும் பிரிவைச் சட்டப்பேரவை திருத்தி, உள்துறைச் செயலாளரும் கலெக்டரும் அமரும் நாற்காலிகளில் நீதிபதிகளை அமர்த்த வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் இதைக் கேட்க வேண்டும்.