உங்க டாக்டர் லிஸ்டில் இருக்காரா?

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷனா? அட்மிஷனுக்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வெப்சைட்டில் ‘நெட்வொர்க்’ ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பாருங்கள். ஆர்.எஸ்.புரம்வாசிகள் 641002 என்று பின்கோடு மட்டும் போட்டால் போதாது. கோயம்புத்தூர் முழுக்கத் தேடுங்கள்.

பட்டியலில் முக்கியம் ஆஸ்பத்திரியின் பெயர்தான். சாயங்காலம் டி.பி. ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் ஸ்பெஷலிஸ்ட் எங்கே ஆபரேஷன் செய்கிறார்? அவரிடமே கேட்டுடுங்க. அந்த ஆஸ்பத்திரியைத் தேடுங்கள். பட்டியல் பழசாக இருக்கலாம். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரிலும் விசாரியுங்கள்.

பேர் இல்லையா? பதறாதீங்க. 2024 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி, கம்பெனி ஒப்புக்கொண்டால் அங்கேயும் ‘கேஷ்லெஸ்’ உண்டு. 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்லணும். அவசர கேஸ் என்றால், சேர்த்த 48 மணி நேரத்துக்குள் சொன்னால் போதும்.

பாலிசி நம்பரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்!