நிலவறைக்கு ஒரு நீதி, குடிசைக்கு ஒரு நீதி

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று நம் பிள்ளைகள் பாடசாலையிற் கற்கின்றனர். அப்பாடம் நடைமுறையில் எங்ஙனம் பொய்த்துப்போகும் என்பதை அறிய விரும்புவோர், ஐக்கிய அமெரிக்காவின் மதுவிலக்கு வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நன்று.

1920ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி அந்நாடெங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. குடியினாற் சீரழியும் குடும்பங்களைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அதன் பின்னே இருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சட்டத்தின் வாசகத்தைச் சற்று ஊன்றிக் கவனிப்போம். மதுவை உற்பத்தி செய்தல், விற்றல், கொண்டுசெல்லல் முதலியனவே குற்றங்கள், குடித்தல் குற்றமன்று! சட்டம் வருமுன் வாங்கி வீட்டில் வைத்திருந்த மதுவை வீட்டுக்காரரும் அவர்தம் விருந்தினரும் அருந்தத் தடையில்லை.

இதன் பயன் யாது? பணம் படைத்தோர் முன்கூட்டியே பெட்டி பெட்டியாக வாங்கித் தம் நிலவறைகளை நிரப்பிக்கொண்டனர். அன்றாடக் கூலியில் ஒரு குவளை பியர் அருந்திய தொழிலாளிக்கு நிலவறை ஏது? அதனை நிரப்பப் பணந்தான் ஏது? மருத்துவரின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் விஸ்கி பெறவும் ஒரு வழி இருந்தது. அதற்கும் காசு வேண்டும்.

சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய ஜனாதிபதி ஹார்டிங்கின் மாளிகையிலேயே, சீட்டாட வந்த நண்பர்களுக்கு விஸ்கி பரிமாறப்பட்டது. ஜோர்ஜ் கசிடி என்பவர் காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கே சென்று பல்லாண்டு மது விற்றார். 1930இல் அக்கதையைப் பத்திரிகையில் தாமே விரித்தெழுதினார். அதே காங்கிரஸ்தான் 1929இல், மதுச் சட்டத்தை மீறுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 10,000 டொலர் வரை அபராதமும் விதிக்கலாம் எனத் தண்டனையைக் கடுமையாக்கியது.

மாளிகைகளின் நிலை இது. குடிசையின் நிலையையும் காண்போம். மிச்சிகன் மாநிலத்தில், பத்துப் பிள்ளைகளைப் பெற்ற ஏழைத் தாயொருத்தி சிறிதளவு மது விற்றுப் பிடிபட்டாள். அது அவளுடைய நான்காவது குற்றம். நான்கு முறை குற்றஞ்செய்தோருக்கு ஆயுட்சிறை என்பது அம்மாநிலச் சட்டம். 1928 டிசம்பரில் அத்தண்டனையே அவளுக்கு விதிக்கப்பட்டது! நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னரே அது குறைக்கப்பட்டது.

1933 டிசம்பர் 5ஆந் திகதி மதுவிலக்கு நீக்கப்பட்டது. அது தோற்றதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் இப்பாரபட்சமும் ஒன்றென்பது எம் கருத்து. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பர். ஏழையின் குற்றமோ விரைந்தேறிவிடுகின்றது.

குடிக்கு நாம் பரிந்து பேசவில்லை. குடி, குடும்பத்தைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. அதனைத் தடுக்க வரும் சட்டம் முதலிற் பெரியவீட்டுக் கதவைத் தட்டட்டும். பின்னர் குடிசைக்கு வரட்டும். அப்பொழுது குடிசையில் வாழ்வோரும் அதனை மதித்துக் கதவைத் திறப்பர்.