செல்ல நாய்க்கு முத்தம் கொடுக்கறீங்களா? உஷார்!

வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வரும் செல்ல நாயை கொஞ்சாதவர் உண்டா? தடவிக் கொடுத்தால் நமக்கும் மனசு லேசாகும். டென்ஷன் குறையும். அதில் தப்பே இல்லை.

ஆனால் முகத்தை நக்க விட்டு கொஞ்சுவதுதான் வினை. நாயின் எச்சிலில் பலவகை கிருமிகள் உண்டு. அதில் பயங்கரமானது ரேபிஸ் எனப்படும் வெறிநோய்.

'கடிச்சாத்தானே ஊசி?' என்று பலரும் நினைக்கிறார்கள். இது தவறு. காயம் இல்லாத தோலில் நக்கினால் பயமில்லை. ஆனால் ரேபிஸ் தாக்கிய நாயின் எச்சில் புண்ணிலோ, கண், வாயிலோ பட்டால் அது கடித்ததற்கு சமம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

'நம்ம வீட்டு நாய்தானே' என்ற அலட்சியமும் வேண்டாம். வெறிபிடித்த தெருநாய் கடித்தால் வீட்டு நாய்க்கும் நோய் தொற்றும். அறிகுறி தெரிவதற்கு சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் புண்ணை உடனே சோப்பு போட்டு, குழாய் தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும். கண், வாய் என்றால் வெறும் தண்ணீர் போதும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க. அங்கே ஊசி இலவசம். நோய் முற்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

நாய்க்கு 3 மாத வயதில் தடுப்பூசி போடுங்க. டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் மறுபடியும் போடணும்.

குழந்தைகள் முகத்தோடு முகம் வைத்து விளையாடுவார்கள். அவர்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும். நாயை தாராளமா கொஞ்சுங்க. முகத்தை மட்டும் தள்ளி வைங்க. கொஞ்சி முடிச்சதும் கையை கழுவுங்க!