பாட்டி என்று கூப்பிட நாலு வருஷம்



என் இரண்டாவது குழந்தை மேலுதடும் அன்னமும் பிளந்து பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா?" வயிற்றில் முதல் மூன்று மாதத்துக்குள் முகம் ஒன்று சேரும்போது ஏற்படுகிற குறை இது, பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என டாக்டரம்மா என் மாமியாரை உட்கார வைத்துச் சொன்னார். அத்தை தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மறுபடி கிரகணத்தைத்தான் சொன்னார்.

பேச்சைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பால் கொடுப்பதுதான் பெரும்பாடு. அன்னம் பிளந்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது, குடித்த பால் மூக்கு வழியே வரும். பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையை நிமிர்த்தி வைத்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். காற்று நிறைய உள்ளே போகும், நடுநடுவே தோளில் போட்டுத் தட்ட வேண்டும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பாலாடையைக் கழுவி வைப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். ஒன்றாம் வகுப்பு படித்த என் மூத்தவன், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தானே பள்ளிக்கூடம் போவான்.

எடை ஏறினால்தான் உதட்டு ஆபரேஷன் என்றார்கள். அதற்குள் நாத்தனார் கல்யாணம் வந்தது. "குழந்தையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு மட்டும், "அவ வரலேன்னா நானும் வரலை" என்றார். போனோம். கல்யாண ஆல்பத்தில் என் மகள் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரியே இருக்கிறது.

4-வது மாதம் உதட்டையும் 11-வது மாதம் அன்னத்தையும் தைத்தார்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம் சகோதரிகளே. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில், 18 வயது வரை இந்தக் குறைக்கு இலவச சிகிச்சை உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கன்வாடியிலோ கேளுங்கள்.

தைத்ததும் முடிந்துவிடுகிற விஷயமில்லை இது. காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் காதைப் பரிசோதிக்க வேண்டும், பிறகு பல்லையும் காட்ட வேண்டும். பேச்சுக்குத்தான் ரொம்ப நாள் பிடிக்கிறது. காற்று மூக்கு வழியே போய்விட்டால் 'ப' என்பது 'ம' ஆகிவிடும். பாட்டியை "மாண்ணி" என்றுதான் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை வீட்டில் கையில் எடுத்துக்கொண்டவர் என் மாமியார்தான்! தினமும் சாயங்காலம் பேத்தியைத் திண்ணையில் உட்கார வைத்து, மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து, "பாட்டி, பப்பாளி" என்று சொல்ல வைப்பார். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். நாலு வயதில் ஒரு நாள் ஆவி படியாமல் "பாட்டி" வந்துவிட்டது. அன்றைக்குத் தெருவுக்கே கேசரி. கிரகணப் பேச்சை அத்தை இன்னும் விடவில்லை. கண்ணாடியை மட்டும் யாரையும் தொட விடமாட்டார்.

வரும் ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். 'ச' இன்னும் சரியாக வரவில்லை. இப்போது திண்ணையில் "சட்டை, சாவி, சோறு" நடக்கிறது.

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.