கல்லூரியும் நிலைபேறும்

தான் வாழவேண்டும் என்னும் வேட்கை எல்லா உயிர்க்கும் பொதுவாம். தனக்குப் பின் வருவோரும் வாழுமாறு தன் வாழ்வை அமைத்துக்கொள்ளுதல் மக்கட்பிறப்பிற்கே சிறப்பாக உரிய கடமையாம். இக்கடமையையே அறிஞர் 'நிலைபேறு' என்னும் சொல்லாற் குறிக்கின்றனர். 1987-ஆம் ஆண்டில், நார்வே நாட்டின் தலைமையமைச்சராயிருந்த புருண்ட்லாண்டு அம்மையாரின் தலைமையில் இயங்கிய ஐக்கிய நாடுகள் குழு இதனை வரையறுத்துக் கூறிற்று. இன்று வாழ்வோர் தம் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளுங்கால், நாளை வாழ்வோர் தம் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும் ஆற்றலைக் குறைத்துவிடலாகாது என்பதே அதன் கருத்து.

இக்கடமை யாவர்க்கும் உரியதேயாயினும், பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இருமடங்கு உரியதாம். என்னை? கல்லூரி என்பது ஒரு சிற்றூர். அதன்கண் ஆயிரக்கணக்கானோர் உண்கின்றனர், நீராடுகின்றனர், விளக்கெரிக்கின்றனர், குப்பை சேர்க்கின்றனர். இது முதற் காரணம். நாளை நாட்டை ஆள்வோரும், பாலமும் அணையும் கட்டுவோரும், பள்ளிகளிற் கற்பிப்போரும் இன்று அதன் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். இஃது இரண்டாங் காரணம். இவ்வுண்மையை உணர்ந்தே, 1990-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் ழான் மேயர் என்பார் அழைப்ப, பல நாட்டுப் பல்கலைக்கழகத் தலைவர்கள் பிரான்சு தேசத்துத் தலுவார் என்னும் ஊரிற் கூடிப் பத்துக் கூறுகள் கொண்ட அறிக்கையொன்றை வெளியிட்டனர். பாடத்திட்டத்தை மட்டுமன்றிக் கல்லூரியின் அன்றாட நடைமுறைகளையும் திருத்தவேண்டும் என்பது அவ்வறிக்கையின் உட்கிடை. ஆதலின், செய்கை, கற்பித்தல் என்னும் இரண்டையும் முறையே ஈண்டு ஆராய்வாம்.

செய்கையுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது நீர். 2019-ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னைமாநகர்க்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ முற்றும் வற்றின. மாநகரின் பல பகுதிகள் லாரிகளையே நம்பி நின்றன. லாரியில் வரும் நீர் வானத்தினின்று நேரே வருவதன்று. நகரின் சுற்றுப்புறத்து ஊர்களின் கிணறுகளினின்று இறைக்கப்பட்டு வருவது. ஆகவே, ஒரு விடுதியிற் பொறுப்பின்றிச் சிந்தும் நீர் பிறிதோர் ஊரின் வயலுக்கும் குடத்துக்கும் உரிய நீராம். பொருள் கொடுத்து வாங்கிவிட்டமையால் அஃது எமதே என்று வழக்காடுதல் அறமாகாது.

இனி, கணக்கொன்று காண்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்யுமாயின் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். சென்னையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. எனவே, 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள விடுதிக் கூரையின்மீது ஓராண்டில் விழும் நீர் 14 இலட்சம் லிட்டர். இதில் ஐந்தில் ஒரு பங்கு ஆவியாயும் சிதறியும் போகுமென்று தள்ளினும், 11 இலட்சத்து 20 ஆயிரம் லிட்டர் எஞ்சும். நகரவாழ்நர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வழங்கும் அளவு. அவ்வளவின்படி 100 மாணவர் வாழும் விடுதிக்கு அக்கூரை நீர் ஏறத்தாழ 83 நாட்களுக்குப் போதும். மழை முழுதும் சில திங்களிலேயே பெய்துவிடுதலால், அதனைத் தொட்டியில் அடக்குதல் அரிது. மணலும் சரளையும் இட்ட வடிகுழி வழியே கிணற்றிலும் நிலத்தடியிலும் சேர்த்துவைத்தலே தக்க முறை. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. சட்டத்துக்காகக் குழாய் பதித்துவிட்டு, இலையும் சேறும் அடைத்த வடிகுழியை ஆண்டுதோறும் தூர்வாராது விடுவோமாயின் பயன் யாது?

சேர்த்தல் போலவே சிந்தாமையும் வேண்டும். நொடிக்கு ஒரு துளியாக ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு 86,400 துளி ஒழுகும். இருபது துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொள்ளின், அது நான்கு லிட்டருக்கு மேற்பட்டதாம். அவ்வாறு நூறு குழாய்கள் ஒழுகின் மூவர்க்குரிய ஒருநாள் நீர் வீணாகும். சிறு தோற்பட்டை ஒன்றால் தீரும் குறை இது.

நீரைக் காப்பது நிலம். நிலத்தைக் காப்பன மரங்கள். இதற்குத் தக்க சான்று தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி. நகரின் நெருக்கத்தினின்று நீங்கி 1937-ஆம் ஆண்டில் அக்கல்லூரி தாம்பரத்திற் குடியேறிற்று. ஆங்கு ரசாயனப் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் என்பாரும் அவர்தம் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் அவ்விடத்துப் பசுமையைப் பேணி வளர்ப்பதில் பேருழைப்பு உழைத்தனர். முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் இன்றும் புதர்க்காடும் ஏரியும் புள்ளிமானும் உள. நகரம் சூழ வளர்ந்து நெருங்கிவிட்ட இந்நாளில், அக்காடு மழையை உண்டு நிலத்தடிக்கு ஈகின்றது. மாணவர்க்கோ உயிர்நூலைக் கண்ணாற் கற்பிக்கின்றது. நட்டவர் மறைந்தனர், நிழல் நின்றது. நிலைபேறு என்பதற்கு இதனினும் தெளிந்த உரை வேண்டுவதில்லை.

குப்பையையும் மின்னாற்றலையும் பற்றிச் சுருங்கக் கூறுவாம். ஐந்நூறு பேர் உண்ணும் கூடத்தில் ஒவ்வொருவரும் 50 கிராம் சோறு எறிவாராயின், ஒருவேளைக்கு 25 கிலோ உணவு பாழாம். எறியாமையே தலையாய அறம். எறிந்ததனைச் சாண எரிவாயுக் கலத்தைப் போன்றதொரு கலத்திலிட்டு அடுப்பெரிக்கப் பயன்படுத்துதல் இடையாயது. பிளாஸ்டிக்கோடு கலந்து தெருவிற் கொட்டுதல் கடை. இனி, ஆளில்லாத வகுப்பிற் சுழலும் மின்விசிறியை நிறுத்துதற்கு நிபுணர் எவரும் வேண்டா. கடைசியாக வெளியேறும் மாணவனே போதும்.

இனிக் கற்பித்தலைக் காண்போம். வழக்கறிஞர் மேத்தா தொடுத்த வழக்கில், 1991-ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று பணித்தது. அதன்வழியே பல்கலைக்கழக மானியக் குழு ஆறுதிங்கட் பாடமொன்றை வகுத்து, 2004-ஆம் ஆண்டு முதல் இளங்கலை வகுப்புகள் அனைத்திற்கும் வைத்தது. நல்லதே. ஆயினும், நிலத்தடி நீர் குறைவதற்குரிய காரணம் ஐந்தினைத் தேர்வில் எழுதி முழுமதிப்பெண் பெற்ற மாணவன், தன் கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டம் எத்தனை அடி என்று அறியானாயின், அக்கல்வி ஏட்டளவில் நின்றுவிட்டதன்றோ?

கட்டடத்தையே பாடநூலாக்கலாம் என்று காட்டியது அமெரிக்க நாட்டு ஓபர்லின் கல்லூரி. ஆங்குப் பேராசிரியர் டேவிட் ஓர் என்பாரின் முயற்சியால் 2000-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழற் கல்விக்கெனக் கட்டடமொன்று எழுந்தது. கூரையிற் சூரியத்தகடுகள் மின்னாற்றல் தந்தன. கழிவுநீரைச் செடிகளும் நுண்ணுயிர்களும் தூய்மைசெய்தன. ஆயின், அக்கல்லூரிப் பௌதிகப் பேராசிரியர் ஒருவர் அளந்து பார்த்து, கட்டடம் உண்ணும் ஆற்றல் எண்ணியதினும் மிகுதி என்று எழுதினார். அவ்வழக்கு வெட்கத்தாற் புதைக்கப்படவில்லை. அறிஞர் அரங்கில் ஆராயப்பட்டது. பின்னர், 2006-ஆம் ஆண்டில் வண்டிகள் நிறுத்துமிடத்தின் மேலும் சூரியத்தகடுகள் அமைத்தனர். அளத்தல், குறை காணல், திருத்தல் என்னும் இம்மூன்றுமே கல்வி. பெயர்ப்பலகையும் நடுவிழாவும் மட்டும் கல்வியாகா.

நம் கல்லூரிகளிலும் இவ்வாறு செய்தல் அரிதன்று. கணித மாணவர் நீர்க்கணக்கு எழுதலாம். ரசாயன மாணவர் கிணற்று நீரைச் சோதிக்கலாம். பொருளியல் மாணவர் மின்கட்டணத்தை ஆராயலாம். தமிழ் மாணவர்க்கும் பங்குண்டு. புறநானூற்றின் 18-ஆம் பாட்டில், குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நிலைத்த புகழ் வேண்டின் நீர்நிலைகளை ஆக்குக என்று அறிவுறுத்துகின்றார். அதனைத் துறை கூறிச் சொற்பொருள் உரைப்பதோடு அமையாது, சங்கப் புலவர் மன்னற்கு உரைத்ததனை நம் ஊர் ஏரிக்கு உரியதாக ஆராய்தல் தமிழ்க்கல்விக்கு இழுக்காகாது, பெருமையே ஆகும்.

இவற்றிற்கெல்லாம் பொருள் எங்கே என்பார் உளர். சூரியத்தகட்டிற்குப் பொருள் வேண்டும், உண்மையே. ஆனால் குழாயைத் திருகுதற்கும், சோற்றை அளவறிந்து வாங்குதற்கும், கிணற்றிற் கயிறு விட்டுத் திங்கள்தோறும் நீர்மட்டம் குறித்தற்கும் பெரும்பொருள் வேண்டா. உறுதி ஒன்றே வேண்டும். மாணவர் மூன்றாண்டில் மாறிவிடுவர் என்பதே உண்மையான இடர். ஆதலின், இப்பணியை ஒருவரது ஆர்வத்திற்கு விட்டுவிடாது, ஆண்டுதோறும் குறிப்பேடு எழுதிக் கைமாற்றும் கடமையாகக் கல்லூரியே அமைத்தல் வேண்டும்.

கல்லூரி வாயிலில் நாம் நுழைந்தபொழுது நமக்குக் கிடைத்த நிழலும் நீரும் நமக்கு முன் இருந்தோர் விட்டுச்சென்றவை. வெளியேறும்பொழுது அவற்றைக் குறைவறக் கொடுத்துச் செல்லுதல் நம் கடன். கற்றதன் பயன் பட்டத்தில் மட்டும் இல்லை. நாம் பருகிய கிணறு நமக்குப் பின்னும் ஊறுவதிலும் உண்டு என்று உணர்ந்து ஒழுகுவோமாக.