வைஸ் சிட்டியா, சான் ஆன்ட்ரியாஸா?

அரியலூரில் சித்தி மகன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினான். பெரம்பலூரிலிருந்து நான் போனதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, வைஸ் சிட்டி இருக்கு. சான் ஆன்ட்ரியாஸ் போட்டா வித்தியாசம் தெரியுமா?"

தெரியும். 2003-இல் பிசிக்கு வந்த வைஸ் சிட்டியில் நாயகன் டாமிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. பாலம் கடந்து அடுத்த தீவுக்குப் போனால் 'லோடிங்' திரை வந்து நிற்கும். 2005-இல் பிசிக்கு வந்த சான் ஆன்ட்ரியாஸில் சிஜே நீந்துகிறான். மூன்று நகரங்கள், இடையில் மலை, பாலைவனம். நீங்கள் வண்டி ஓட்டும்போதே முன்னால் வரும் பகுதியை ஹார்ட் டிஸ்கிலிருந்து மெமரிக்கு எடுத்துக்கொண்டு, கடந்துவந்த பகுதியை நீக்கிவிடும். பெரம்பலூரில் ஏறினால் பஸ் மாறாமல் அரியலூரில் இறங்குவது போலத்தான்.

இதற்கு 256 எம்பி ராம், 3.6 ஜிபி இடம் வேண்டும். வைஸ் சிட்டிக்கு 128 எம்பி ராம், 1 ஜிபிக்கும் குறைவான இடம் போதும். இன்றைய கம்ப்யூட்டருக்கு இரண்டுமே சுமையில்லை. ஆனாலும் புதிதாக விளையாடுபவருக்கு வைஸ் சிட்டிதான் சுலபம். சான் ஆன்ட்ரியாஸில் விமானம் ஓட்டும் பயிற்சி என் பொறுமையையே சோதித்துவிட்டது!

இரண்டுமே வன்முறை மிகுந்தவை. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே தரப்படுத்தியிருக்கிறார்கள். சித்தி மகன் கல்லூரி மாணவன், ஆனால் அவன் தங்கை ஏழாவது படிக்கிறாள். அவளுக்குத் தனி யூசர் அக்கவுன்ட் போட்டு, அவனுடையதற்கு பாஸ்வேர்டு வைத்து, அவன் ஃபோல்டருக்குள்ளேயே சான் ஆன்ட்ரியாஸை நிறுவிக் கொடுத்தேன்.